மொட்டை மாடியிலிருந்து ஸ்கைலைன்: ஃபிரேமுக்குள் எதை வைப்பது, எதை வெட்டுவது

மொட்டை மாடி ஏறியதும் ஊரே கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும். அவசரமாகக் கேமராவை எடுத்து, இருப்பதிலேயே அகலமான கோணத்தில் ஒரு படம். கீழே இறங்கி வந்து பார்த்தால் மேல்பாதி வெறும் வானம், கீழ்ப்பாதி சிமென்ட் தரை, நடுவில் சீப்பின் பல் மாதிரி மெலிந்துபோன கட்டட வரிசை. புதிதாக எடுக்கிறவர்கள் அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான்.

காரணம் எளிய கணக்கு. 100 மீட்டர் உயரமுள்ள கட்டடம் 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வையுங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (36×24 மி.மீ. சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸ் போட்டால் அது படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குதான் வரும். அதே இடத்தில் நின்று 85 மி.மீ. போட்டால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். நம் கண் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெரிதாகப் பார்த்துக்கொள்ளும். லென்ஸுக்கு அப்படிப் பொறுக்கத் தெரியாது. பொறுக்குகிற வேலையை எடுப்பவர்தான் செய்தாக வேண்டும்.

அதனால் ஆரம்பத்தில் அகலக் கோணத்தை ஒதுக்கி வையுங்கள். ஃபுல் ஃபிரேம் என்றால் 50 முதல் 135 மி.மீ. வரை, அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 35 முதல் 90 வரை. செல்போனில் 2எக்ஸ், 3எக்ஸ் என்று தனி லென்ஸ் இருந்தால் அது. திரையில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது, லென்ஸின் எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பது வெறும் வெட்டிப் பெரிதாக்கல்தான், ஜன்னல்களெல்லாம் குழைந்துபோகும். 0.5எக்ஸ் லென்ஸ் இந்த வேலைக்கு அநேகமாக உதவாது. கட்டடங்களைக் குட்டியாக்கும், ஓரத்தில் நிற்பவற்றை வெளிப்பக்கம் இழுத்துவிடும். வானம் முழுக்க மேகம் திரண்டிருக்கிறது, அல்லது காலடியிலேயே வலுவான முன்புறம் கிடைத்திருக்கிறது என்றால் மட்டும் அதற்கு வேலை உண்டு.

முதலில் கோட்டைப் பாருங்கள்

ஸ்கைலைன் என்பது கட்டடம் முடிந்து வானம் தொடங்குகிற விளிம்பு. பார்ப்பவரின் கண் அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் படத்துக்குள் நடக்கும். ஜன்னல், பால்கனி, விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான் கண்ணில் படும். ஆகவே கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பு மாடியின் நான்கு பக்கமும் ஒரு சுற்று வாருங்கள். கண்ணை நன்றாக இடுக்கிக்கொண்டு பாருங்கள். விவரங்கள் மங்கி, இருண்ட உருவங்களும் வெளிர் வானமும் மட்டும் மிஞ்சும். அந்த இரண்டும் சந்திக்கிற கோடுதான் உங்கள் படம்.

ஒரு துண்டுத் தாளில் பேனாவை எடுக்காமல் அந்தக் கோட்டை ஒரே இழுப்பில் வரைந்து பார்ப்பது நல்ல பழக்கம். படம் வரையத் தெரிய வேண்டியதில்லை. கோடு ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, படிப்படியாக இறங்கினால் அங்கே ஒரு படம் இருக்கிறது. ரம்பப் பல் போல ஒரே அளவில் ஏறி ஏறி இறங்கினால் கண் எங்கும் நிற்காது. மேசை மாதிரி தட்டையாக ஓடினால் கட்டடங்களை நம்பிப் பயனில்லை. மேகத்தையோ நிலாவையோ முன்னால் நிற்கும் ஒரு ஆளையோ நாயகனாக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் ஒரே உயரத்தில் இரண்டு கோபுரங்கள் நின்றால் கண் பந்து மாதிரி இரண்டுக்கும் நடுவே அலையும். ஒன்றை வெளியே தள்ளுங்கள்.

நாயகக் கட்டடம் எது என்று முடிவானதும் அதை எங்கே நிறுத்துவது என்பதைக் கோடே சொல்லிவிடும். உச்சியிலிருந்து வலப்பக்கம் நீளமாக இறங்குகிறது என்றால் உச்சியை இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, இறங்குவதற்கு இடம் கொடுங்கள். இருபுறமும் ஏறக்குறைய சமமாகச் சரிகிறது என்றால் தயங்காமல் நடுவில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு விதியைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டு, நடுவில் நிற்க வேண்டிய கட்டடத்தை ஓரத்துக்குத் தள்ளிக் கெடுத்த படங்கள் ஏராளம்.

மாடி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

உயரம் கூடக் கூடப் படம் நன்றாக வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கும்.

தொடுவானம் எப்போதும் உங்கள் கேமராவின் உயரத்தில் இருக்கும். சமதரையில் கட்டிய ஊரில், உங்களைவிடக் குட்டையான எந்தக் கட்டடமும், அது 100 மீட்டரில் நின்றாலும் 3 கிலோமீட்டரில் நின்றாலும், தொடுவானத்துக்குக் கீழேயே அடங்கிவிடும். உங்களைவிட உயரமானது மட்டுமே அதைத் தாண்டி வானத்துக்குள் தலை நீட்டும். 200 மீட்டர் உயரப் பார்வை மேடையிலிருந்து எடுத்தால் அநேகமாக எல்லாக் கட்டடமும் காலடியில் கிடக்கும். அது வரைபடம் மாதிரி அழகாக இருக்கலாம், ஆனால் அதில் ஸ்கைலைன் இருக்காது. நாயகக் கட்டடத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான உயரத்தில் இருக்கும் மாடிதான் வசதி. முன்னால் நிற்கும் சிறு வீடுகள் கீழே விலகிவிடும், பெரிய கட்டடத்தின் தலையும் தோளும் வானத்தில் நிற்கும்.

இதையே திருப்பிப் போட்டால் ஒரு கைக்கணக்கு கிடைக்கும். தொடுவானக் கோடு ஒரு கோபுரத்தை அதன் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வெட்டுகிறது என்றால், அந்தக் கோபுரம் உங்கள் கேமராவைப் போல மூன்று மடங்கு உயரம். பாதியில் வெட்டினால் இரண்டு மடங்கு. புதிய மாடி ஒன்றில் ஏறி நின்றதும், இன்னும் ஒரு தளம் ஏறலாமா, இரண்டு தளம் இறங்கலாமா என்று முடிவு செய்ய இது போதும்.

எந்த மாடியானாலும் கட்டட உரிமையாளரிடமோ பொறுப்பாளரிடமோ முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். முக்காலி கொண்டுவருவதையும், இருட்டும்வரை இருப்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். சரியான வெளிச்சம் வருகிற பதினைந்து நிமிடத்தில் யாராவது வந்து இறங்கச் சொன்னால் அன்றைய வேலை போயிற்று.

கைப்பிடிச் சுவர் என்கிற தலைவலி

மாடிப் படங்களைக் கெடுப்பதில் முதலிடம் கைப்பிடிச் சுவருக்குத்தான். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு சாம்பல் பட்டை, கொஞ்சம் சாய்வாக, ஃபோகஸ் இல்லாமல். எடுக்கும்போது கண்ணில் படாது, பெரிய திரையில் பார்க்கும்போது வேறெதுவும் கண்ணில் படாது. சுவரை முழுக்க வெளியே தள்ளுங்கள், அல்லது வேண்டுமென்றே நிறையக் காட்டுங்கள். இரண்டும் கெட்டானாக விடாதீர்கள்.

வெளியே தள்ள, சுவரை ஒட்டி நின்று லென்ஸின் முனையைச் சுவரின் மேல்விளிம்புக்கு மேலே கொண்டுவந்தால் போதும். கேமரா வார் கழுத்திலோ மணிக்கட்டிலோ இருக்க வேண்டும். சுவரின் மேல் கேமராவை வைப்பது, சுவருக்கு வெளியே கையை நீட்டுவது, சுவர்மேல் ஏறுவது மூன்றும் கூடாது. லென்ஸ் மாற்றுவதும் வடிகட்டியைக் கழற்றுவதும் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வந்து செய்ய வேண்டிய வேலை. கையிலிருந்து நழுவுகிற ஒரு லென்ஸ் மூடிகூடக் கீழே போகிறவர் தலையில்தான் விழும். இன்னொன்று, வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள். மாடியில் குழாய், கம்பி, படி எல்லாம் காலுக்குப் பின்னால்தான் இருக்கும்.

நிறையக் காட்டுவதென்றால் ஐந்தாறு அடி பின்னால் வந்து, சுவரையோ தண்ணீர்த் தொட்டியையோ ஆன்டெனாவையோ துணிக்கொடியையோ படத்தின் கீழ்ப் பகுதியில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வரவிடுங்கள். முன்புறத்துக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். சுவர் குறுக்காக ஓடிக் கண்ணை நாயகக் கட்டடத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். முதுகைக் காட்டி நிற்கும் ஒருவர் எதிரே உள்ள கட்டடங்களின் பிரம்மாண்டத்தைக் காட்டலாம். ஆளை நிறுத்தினால் அவர் தலை கட்டடங்களுக்கு நடுவே புதைந்துபோகாமல் வெளிர் வானத்துக்கு எதிரே வருமாறு கேமராவைத் தாழ்த்துங்கள். முழங்கால் போட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்புறமும் கூர்மையாக வேண்டும், தொலைவும் கூர்மையாக வேண்டும் என்றால், ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ., எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) வைத்து இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். 50 மி.மீ. என்றால் அதே எஃப் 8-இல் ஃபோகஸைப் பத்தரை மீட்டரில் வைக்க வேண்டும். ஐந்தேகால் மீட்டருக்கு உள்ளே இருப்பவை மங்கும். இன்னும் நீளமான லென்ஸில் கிட்டத்தில் இருப்பது மங்கத்தான் செய்யும். அப்போது முன்புறத்தை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டு அடி நகர்வதும் இருபது அடி நடப்பதும்

ஜூமைத் திருகுவது எளிது என்பதால் பலர் நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை. ஆனால் கட்டடங்களுக்குள் இருக்கும் உறவை மாற்ற உங்கள் காலால் மட்டுமே முடியும்.

ஓர் உதாரணம். 300 மீட்டர் தள்ளி ஒரு குடியிருப்பு, அதற்குப் பின்னால் 900 மீட்டரில் ஒரு கோபுரம். இரண்டின் ஓரங்களும் உரசிக்கொண்டு நிற்கின்றன. படத்தில் இரண்டும் ஒட்டிப்போய், எது முன், எது பின் என்று தெரியாத ஒரே மொத்தையாகிவிடும். மாடியில் பக்கவாட்டில் 10 மீட்டர் நடந்தால், 50 மி.மீ. லென்ஸில் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று ஃபிரேம் அகலத்தில் சுமார் 3 விழுக்காடு விலகும். 6,000 பிக்சல் அகலப் படத்தில் அது 185 பிக்சல். ஒரு கீற்று வானம் நடுவில் தெரிய அது போதும். அந்தக் கீற்று வந்ததுமே ஆழம் வந்துவிடும். எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்பதில் குழப்பம் வேண்டாம். நீங்கள் வலப்பக்கம் போனால் கிட்டத்தில் இருக்கும் கட்டடம் தூரத்தில் இருப்பதைவிட அதிகமாக இடப்பக்கம் நகரும்.

இதையே 5 மீட்டரில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெறும் 30 செ.மீ. நகர்ந்தாலே அதே லென்ஸில் அது ஃபிரேமில் 8 விழுக்காடு நகர்ந்துவிடும். ஆக, முன்புறப் பொருளைச் சரிசெய்ய உடம்பைச் சாய்த்தால் போதும், கட்டடங்களைப் பிரிக்க மாடியின் மறுமூலை வரை போக வேண்டும். முதலில் நடந்து கட்டடங்களைச் சரிசெய்துகொண்டு, பிறகு சாய்ந்து ஆன்டெனாவைச் சரிசெய்யுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு முறை உழைக்க வேண்டி வரும்.

உரசல் என்பது கட்டடத்துக்குக் கட்டடம் மட்டுமல்ல. கோபுரத்தின் கம்பி ஃபிரேமின் மேல்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்பது, கிரேனின் கை நாயகக் கட்டடத்தின் மூக்கில் முடிவது, நிலா ஒரு கூரையின்மேல் தட்டு வைத்தது போல உட்கார்வது, எல்லாம் அதே நோய். ஒன்று தெளிவாக மேலேறட்டும், அல்லது தெளிவாக விலகட்டும்.

சாய்ந்து விழும் கட்டடங்கள்

கேமராவை மேலே தூக்கினால் கட்டடங்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கீழே குனிந்தால் உச்சி விரிந்து அடி குறுகும். சென்சார் கட்டடத்துக்கு இணையாக இல்லாததுதான் காரணம். கேமராவை முன்பின் சாயாமல் மட்டமாக வைத்தால் நெட்டுக்கோடுகள் நேராகிவிடும்.

மட்டமாக வைத்தால் தொடுவானம் படத்தின் நடுவில் வந்து உட்கார்ந்து, கீழ்ப்பாதியில் வேண்டாத கூரைகள் நிறைந்துவிடுமே என்றால், ஆம், நிறையும். கொஞ்சம் அகலமான லென்ஸில், கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி மட்டமாக எடுத்து, கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். இப்போதைய கேமராக்களின் பிக்சல் எண்ணிக்கைக்கு இந்த வெட்டு தாங்கும். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் நகர்த்த உதவும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் சாரத்தில் இதே வேலைதான். மென்பொருளில் நிமிர்த்துவதென்றால் எடுக்கும்போதே இருபுறமும் பத்துப் பதினைந்து விழுக்காடு இடம் விடுங்கள். நிமிர்த்தும்போது ஓரம் தின்னப்படும். 85 மி.மீ.க்கு மேல் இரண்டு மூன்று டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியாது, அதற்கு மெனக்கெட வேண்டாம்.

இடவலச் சாய்வு அப்படியல்ல. 6,000 பிக்சல் அகலத்தில் 1 டிகிரி சாய்வென்றால் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 105 பிக்சல் வித்தியாசம். எல்லோர் கண்ணிலும் படும். கேமராவில் உள்ள மின்னணு மட்டத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு பொறி இதில் உண்டு. கடற்கரையோ ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ குறுக்கே தூரமாகப் போகும்போது அதன் கோடு இயற்கையாகவே சாய்ந்துதான் தெரியும். அதை நேராக்கினால் ஊர் முழுவதும் கவிழும். படத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கட்டடத்தின் நெட்டு விளிம்பை வைத்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும்.

நான்கு ஓரங்கள்

ஷட்டரை அழுத்துவதற்கு முன் ஃபிரேமின் நான்கு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இடது, வலது ஓரங்களில் உயரமான கட்டடத்தைப் பாதியில் வெட்டக் கூடாது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள பள்ளத்திலோ, கவனம் கேட்காத குட்டைக் கட்டடத்திலோ வெட்டுங்கள். பிரகாசமான விளம்பரப் பலகை ஓரத்தில் பாதி நுழைந்திருந்தால் கண் அங்கேயே ஓடிவிடும்.

வானம் எவ்வளவு? மேகமில்லாத வெறும் வானத்துக்கு நாயகக் கட்டடத்தின் தலைக்கு மேலே ஃபிரேம் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். மேகம் நன்றாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்குகூடக் கொடுக்கலாம். சரிபாதி மட்டும் வேண்டாம், நீர்ப்பரப்பில் கட்டடங்கள் தலைகீழாகத் தெரிகிற நேரம் தவிர.

நீண்டு தாழ்ந்த ஸ்கைலைனை 3:2-இல் அடைத்தால் மேலும் கீழும் காலியாகும். 2:1 அல்லது இன்னும் நீளமாக வெட்டிவிடுங்கள். ஒற்றைக் கோபுரமும் அதன் அடியில் நெருங்கிய கூரைகளும் என்றால் செங்குத்தான 4:5 பொருந்தும். புதியவர்கள் செங்குத்தாக எடுப்பதே இல்லை. ஊரென்றால் படுக்கைவாட்டம்தான் என்று கை பழகியிருக்கிறது.

வெளிச்சம் எந்தப் பக்கம்

ஒரே மாடி, ஒரே ஃபிரேம், நான்கு விதமான படம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நிறம் இருக்கும், ஆழம் இருக்காது. பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வெளிச்சப் பக்கம், ஒரு நிழல் பக்கம் கிடைத்து உருண்டு திரண்டு நிற்கும். எதிரே இருந்தால் முகங்கள் இருண்டு கோடு மட்டும் பேசும். காற்றில் கொஞ்சம் பனியோ தூசியோ இருந்தால் கிட்டத்துக் கட்டடம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் வெளிர் என்று அடுக்கடுக்காகப் பிரியும், 135 மி.மீ.க்கு மேல் போட்டுப் பாருங்கள், இதுதான் டெலி லென்ஸின் (தூரத்தைக் கிட்டே இழுக்கும் நீள லென்ஸின்) சொர்க்கம்.

இன்று பிழைத்திருக்கும் கேமராப் படங்களில் மிகப் பழையதும், வேடிக்கையாக, மேல்மாடிக் காட்சிதான். 1826 அல்லது 1827-இல் பிரான்சில் நிசெஃபோர் நியெப்ஸ் தன் வீட்டு மேல்தள ஜன்னலிலிருந்து கூரைகளை எடுத்தார். மணிக்கணக்கில் வெளிச்சம் வாங்கவேண்டி இருந்ததால் சூரியன் இடமாறி, இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் அடித்திருக்கும். நிழல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனால் உருவம் எப்படித் தட்டையாகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கோடை நடுப்பகலில் டெலி லென்ஸ் போடாதீர்கள். சூடேறிய கூரைகளிலிருந்து எழும் காற்று கானல் மாதிரி நெளிந்து கட்டட விளிம்புகளைக் குதறிவிடும். எத்தனை நல்ல லென்ஸானாலும், முக்காலி வைத்தாலும் சரியாகாது. விடியற்காலையும், மழை பெய்து ஓய்ந்த பின் வரும் ஒரு மணி நேரமும்தான் தூரத்துக் கட்டடங்களுக்கு ஏற்றவை.

மாலைதான் பலருக்கும் வசதி என்பதால் அதன் நேரக்கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாடிக்கு வந்துவிடுங்கள். ஃபிரேமை வெளிச்சத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்; இருட்டில் தேடினால் ஓரங்கள் தெரியாது. சூரியன் மறைந்ததும் பலர் பையைக் கட்டிவிடுவார்கள். உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. வானத்தின் வெளிச்சமும் ஜன்னல் விளக்குகளின் வெளிச்சமும் ஏறத்தாழச் சமமாகிற ஒரு சிறு நேரம் உண்டு. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரி இறங்கியிருக்கும்போது. அப்போது வானம் ஆழ்ந்த நீலத்தில் நிற்கும், கட்டட விளிம்பும் அதற்கு எதிரே தெளிவாக நிற்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குள் இது முடிந்துவிடும். 50-ஆவது அட்சரேகைப் பக்கம் அரை மணி முதல் முக்கால் மணி வரை இழுக்கும். அதைத் தாண்டினால் வானம் கறுத்துவிடும், விளிம்பு வானத்தோடு கரைந்துவிடும், விளக்குப் புள்ளிகள் மட்டும் மிதக்கும். ஸ்கைலைன் என்கிற கோடே போய்விடும்.

கிழமையும் பார்க்க வேண்டும். அலுவலகக் கோபுரங்களில் வேலை நாள் மாலையில்தான் ஜன்னல்கள் எரியும். விடுமுறை நாளில் நாயகக் கட்டடமே இருண்டு நிற்கும்.

கேமரா அமைப்பு, சுருக்கமாக

முக்காலி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, எஃப் 8. மேலே சொன்ன நீல நேரத்தில் ஷட்டர் 1 நொடியில் தொடங்கி 8 நொடி வரை போகும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரும். 2 நொடி டைமர் போட்டால் கை அதிர்வு தவிரும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் ஆடும். ஏசி வெளிப்புற இயந்திரங்களுக்கும் லிஃப்ட் இயந்திர அறைக்கும் பக்கத்தில் தரையே அதிரும், தள்ளி வையுங்கள். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விடாமல் 3,800 கெல்வின் அளவில் நிறுத்தினால் விளக்குகள் கதகதப்பாகவும் வானம் நீலமாகவும் நிற்கும். ரா (RAW) என்கிற பதப்படுத்தாத மூலக்கோப்பாக எடுத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

விளம்பரப் பலகைகள் வெளுத்துப்போவதுதான் இரவின் பொதுவான பிழை. படத்தின் இருள்-வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள், முட்டினால் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து இணைக்கலாம். செல்போனில் திரையில் பிரகாசமான இடத்தை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தால் அதே பலன். அதற்கு முன் லென்ஸை ஒருமுறை துடையுங்கள். விரல் பிசுக்குதான் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் வால் நீட்டுவதற்குக் காரணம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுக்க நேர்ந்தால் லென்ஸை ரப்பர் ஹூடோடு கண்ணாடியில் ஒட்டிவைத்து, சுற்றிக் கறுப்புத் துணியைப் போர்த்துங்கள். அறை விளக்கு ஒன்றாவது கண்ணாடியில் தெரிந்தால் அதை அப்புறம் படத்திலிருந்து நீக்குவது பெரும்பாடு.

நிலாவும் பனோரமாவும்

நிலாவை ஸ்கைலைனோடு சேர்க்க முழுநிலவுக்கு முந்தைய மாலைதான் சரி. அன்று சூரியன் மறைவதற்கு முன்பே நிலா எழுந்துவிடும். கட்டடத்திலும் வெளிச்சம் இருக்கும், நிலாவும் வெள்ளைத் தட்டாக வெளுக்காது. நிலாவின் அகலம் அரை டிகிரி, 200 மி.மீ. லென்ஸில்கூட ஃபிரேம் உயரத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குதான். செல்போனின் சாதாரண லென்ஸில் அது ஒரு புள்ளி. தன் அகலத்தை அது இரண்டே நிமிடத்தில் கடந்துவிடும் என்பதால் 200 மி.மீ.க்கு ஷட்டர் 1 நொடிக்குள் இருக்க வேண்டும். எந்தக் கட்டடத்துக்குப் பின்னால் எழும் என்பதைத் திசை காட்டும் செயலியில் முதல் நாளே பார்த்து வையுங்கள்.

பனோரமாவுக்குக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, படத்துக்குப் படம் மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று விழுமாறு எடுங்கள். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றும் மேனுவலில் பூட்டியிருக்க வேண்டும். தானியங்கியில் விட்டால் இணைத்த வானத்தில் திட்டுத்திட்டாக ஒட்டுத் தெரியும். கிட்டத்தில் சுவரோ கம்பியோ வந்தால் இணைப்பு உடையும். பனோரமாவுக்கு முன்புறம் வேண்டவே வேண்டாம்.

திரையில் உட்கார்ந்த பிறகு

படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் நாயகக் கட்டடம் எது, கோடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று தெரிந்தால் அதைத் திருத்த எடுத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் நிறத்தைக் கூட்டியோ கான்ட்ராஸ்டைக் கூட்டியோ காப்பாற்ற முடியாது, அடுத்ததைப் பாருங்கள். பிறகு படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போட்டு, கண்ணாடியில் பார்ப்பது போல ஒருமுறை பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வும், ஒரு பக்கமாகக் கூடிப்போன எடையும் அப்போது பளிச்சென்று தெரியும். திருத்தும் வரிசை: முதலில் இடவலச் சாய்வு, அடுத்து நெட்டுக்கோடு, அதற்குப் பிறகு வெட்டு, கடைசியாகத்தான் நிறம். வெட்டை முன்னால் செய்துவிட்டால் நிமிர்த்துவதற்கு ஓரத்தில் இடமிருக்காது. கோபுரத்தின் கம்பி நுனி அப்போதுதான் பறிபோகும்.